மலை ஏறிய மணப்பெண்

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கடைசியில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விஷயத்துக்கு வருவோம்.

அவருடைய மூத்த மகளுக்கு வயது 22. ஜொகூர் பாருவில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற பெண். சம்பளத்தில் பாதியை மாதா மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பெண். சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவள், இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல வாயைத் திறந்திருக்கிறாள்.

"அம்மா, நான் ஒரு வருஷம் கம்போடியாவுக்குப் போகிறேன். சபையில் அனுப்புகிறார்கள். கிராமத்துப் பள்ளியில் ஊழியம். சம்பளம் கிடையாது."

தகப்பனார் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனவர்தான். மகளோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தாயாரோ என்னைக் கேட்கிறார்: "ஒரு நாள் முழுக்க அங்கே அவள் என்னதான் செய்வாள் அக்கா? யார் சோறு போடுவார்கள்? காய்ச்சல் என்று படுத்தால் யார் பார்ப்பார்கள்? போ என்று சொல்லவா, போகாதே என்று சொல்லவா?"

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர், கை நிறையச் சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்குப் போய், மோசடிக் கும்பல்களிடம் சிக்கிக்கொண்ட கதையைப் பத்திரிகைகளில் படித்தோமே. பெற்ற மனம் அதை மறக்குமா? அந்தப் பயத்துக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் முதல் கேள்வியைப் பார்ப்போம். இப்படிப் போகிறவர்கள் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

வேலிக்குள் வந்தவர்கள்

நம் பிள்ளை வெளியே போவதை நினைத்து இன்று கலங்குகிறோம். ஒரு காலத்தில் யாரோ பெற்ற பிள்ளைகள் இப்படித்தான் நம் மண்ணுக்கு வந்தார்கள்.

1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களை ஓரிடத்தில் கூட்டி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போடும் திட்டத்தை 1950-இல் பிரிக்ஸ் என்ற ராணுவத் தளபதி வகுத்தார். ஜூன் மாதம் அது முதலில் தொடங்கிய இடமே நமது ஜொகூர்தான். மலாயா முழுவதும் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் போனார்கள். தோட்டங்களிலும் லயங்களைச் சுற்றி வேலி வந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று தடை. வாசலில் தூக்குச் சட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போன கதையை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

அதே சமயத்தில் சீனாவில் ஆட்சி மாறியது. அங்கிருந்த வெள்ளைக்கார மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் 1950-களின் தொடக்கத்தில் மலாயாவின் புதுக்கிராமங்களுக்கு வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். சீனாவில் படித்த மாண்டரின் இங்கே பல வீடுகளில் செல்லவில்லை. ஹக்காவும் காண்டனீசும் ஹொக்கியனும் மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 'துரைமார் வைத்த ஆளாக இருக்குமோ' என்ற சந்தேகப் பார்வையையும் சகித்தார்கள். அரசாங்கமே வரவேற்றுக் கூப்பிட்டது என்றால், வேலிக்குள் அடைபட்டவனுக்குச் சந்தேகம் வராதா?

சேந்தமங்கலத்திலிருந்து மேலே

உங்களுக்கு ஒரு முழு நாளின் கணக்கு வேண்டும். அதற்கு நமது முன்னோர்கள் கப்பல் ஏறிய ஊர்ப் பக்கமே போவோம். இங்குள்ள தோட்டக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீகம் பழைய சேலம் ஜில்லா, நாமக்கல் பக்கம். கொல்லிமலை என்றால் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை; அறப்பளீஸ்வரர் கோயில் கொண்ட மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. நான் சொல்லும் காலத்தில் ஒற்றையடிப் பாதைதான். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டார் அங்கே தங்க மாட்டார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் 1907-இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 22, உங்கள் மகளின் வயதுதான். கட்டட வேலை தெரிந்தவர். ஒரு வருஷம் மருந்து மாத்திரை பற்றிப் படித்திருந்தார். முழு டாக்டர் அல்ல. எவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வீட்டுப் பெண். ஓவியம் வரைபவர். இருவரும் 1913 ஆகஸ்டு மாதம் சேந்தமங்கலத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணம் முடிந்த அன்றே மணப்பெண் மலை ஏறினார்! புகுந்த வீடு மேலேதான் இருந்தது. கரையான் ஏறாதபடி தூண்களின் மேல் நிறுத்திய மரவீடு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்று ஒருவரும் கிடையாது.

அவர்கள் நாள் எப்படிப் போயிற்று? பொழுது விடிந்ததும் வாசலில் ஆட்கள். காய்ச்சல்காரர், பல்வலிக்காரர், காலில் புண் வைத்தவர். ஜெஸ்ஸி பல் பிடுங்குவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். நரம்புச் சிலந்திக்காரர்களும் வருவார்கள். இந்தத் தலைமுறைக்கு அந்த நோயே தெரியாது. காலில் கொப்புளம் வெடித்து நூல் போல ஒரு புழு தலை காட்டும். மூன்று அடி நீளம்கூட இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே அறுந்து கால் சீழ் வைத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று நாள் கணக்கில் எடுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை வேண்டிய வேலை.

எடுத்துப் போட்டதோடு அவர் நிற்கவில்லை. புழு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, புண் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கும் நோய் வருகிறது. ஆகவே யாரும் கால் வைத்து இறங்க முடியாதபடி கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொன்னார்; தாமும் கல் எடுத்துக் கட்டினார். பின்னாளில் நாடு முழுவதும் அரசாங்கம் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. இந்தியாவில் நரம்புச் சிலந்தி ஒழிந்துவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

மீதிப் பொழுதில் தச்சு வேலை கற்றுக்கொடுப்பார். செங்கல் அறுப்பார். குதிரையில் ஏறி அடுத்த ஊருக்குப் போவார். எவ்லின் பெண்களிடம் உட்கார்ந்து பேசுவார், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவார், தோட்டம் போடுவார், தம் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு.

பிரசங்கம் எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் உண்டு. அதற்காகத்தான் வந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறேழு வருஷம் அந்த மலையில் ஒருவர்கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். தம் சாமியை விட்டு ஆட்கள் போய்விடுவார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பென்ன இருக்கிறது? அப்படியும் காலையில் வாசலில் கூடிய கூட்டத்துக்கு மருந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

1918-இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. நமது மலாயாத் தோட்டங்களிலும் அந்தக் காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். நோய்க்குப் பயந்து சொந்தக்காரரே ஒதுங்கிய வீடுகளுக்குப் பிராண்ட் தம்பதியர் கஞ்சிப் பானையோடு போனார்கள். சாகக் கிடந்தவர் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் பூசாரி யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஜெஸ்ஸியைத்தான். தம் பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

ஐந்து வருஷம் தினமும் பார்த்த ஆள் என்பதால் வந்த நம்பிக்கை அது.

கப்பல் தபால்

இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் ஒரு தாய். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

1923-இல் பிராண்ட் குடும்பம் விடுமுறைக்கு இங்கிலாந்து போயிற்று. திரும்பி வரும்போது 9 வயது மகன் பாலையும் அவன் தங்கையையும் படிப்புக்காக லண்டனில் தாயின் சகோதரிகளிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பையன் அதற்குப் பிறகு தகப்பன் முகத்தைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப் போகும் கருநீர்க் காய்ச்சல். கொல்லிமலையிலேயே உயிர் பிரிந்தது. வயது 44.

செய்தி லண்டனுக்குத் தந்தியில் போனது. தந்தி வேகமாய்ப் போகும். கடிதம் கப்பலில் அசைந்து அசைந்து போகும். ஆகவே அப்பா இறந்துவிட்டார் என்று அறிந்து அழுது முடித்த பிறகு, அப்பா கைப்பட எழுதிய கடிதம் அந்தப் பையனுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்தபோது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஊழியத்தின் விலை என்பது இதுதான் சகோதரி. போகிறவர் மட்டும் கொடுப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள். அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

அந்தப் பையன் பால் பிராண்ட் பிறகு டாக்டரானார். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றார். தாயார் எவ்லினோ, வயது 70-ஐ நெருங்கியபோது, ஓய்வு பெற்று ஊருக்குப் போகச் சொன்னதற்கு இணங்காமல் மறுபடியும் கொல்லிமலைக்கே போனார். மட்டக் குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். 1974 டிசம்பரில் 95-ஆவது வயதில் காலமானார். பெட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஊரார் பருத்தித் துணியில் சுற்றி அந்த மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

நம்மவர்களும் போனார்கள்

வெள்ளைக்காரர்தான் இப்படிப் போனார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா என்ற தமிழர், 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தார். தமிழர் காசில் தமிழரைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். அசரியா தாமும் 1909-இல் தோர்ணக்கல் போனார். தெலுங்கு படித்தார். அவர்களோடு வாழ்ந்தார்.

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மிஷனரிகளின் உலக மாநாடு கூடியது. அதில் பேச எழுந்த அசரியா, வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டார். நீங்கள் பொருள் தருகிறீர்கள், உயிரையும் தருகிறீர்கள். ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு, அதைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசினார். பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் இன்றுவரை அதுதான் நினைவில் நிற்கிறது. உங்கள் மகளுக்கு நான் சொல்வதும் இதுதான். பெண்ணே, தானம் கொடுக்கிற எஜமானியாகப் போகாதே. விருந்தாளியாகப் போ; சிநேகிதியாகத் திரும்பி வா.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை

இப்போது உங்கள் வீட்டுக்காரர் பயத்துக்கு வருகிறேன். மகளை உட்கார வைத்துக் கோபப்படாமல் கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஒன்று: அதே இடத்துக்குப் போய்விட்டு வந்த ஒருவரை நேரில் பார்த்துப் பேச முடியுமா? அங்கே பொறுப்பில் இருப்பவர் யார், முகவரி என்ன?

இரண்டு: பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? அவள் கையில்தான் இருக்க வேண்டும். பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று எவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. திரும்பி வரும் டிக்கெட்டும், நோம்பென் நகரத்து மலேசியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் உங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மூன்று: காலை முதல் இரவு வரை என்ன வேலை? ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். புண் கட்டினேன், கல் எடுத்தேன், எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்பது போல வேலை இருக்க வேண்டும். வெறும் புகைப்படம் காட்டினால் போதாது. அநாதை இல்லம் என்று சொன்னால் இன்னும் நன்றாக விசாரியுங்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியமான யுனிசெப்பே சொல்லியிருக்கிறது. வெளிநாட்டார் வந்து பார்ப்பதற்காகப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கும் இடத்துக்கு நம் பெண் போகக் கூடாது. ஊர்ப் பள்ளியில் ஊர் ஆசிரியைக்குத் துணையாக இருந்தால் நல்லது.

நான்கு: உடம்பு. ஜெஸ்ஸி காலத்தில் கொய்னா மருந்து ஒன்றுதான் கதி. இன்று தடுப்பூசி இருக்கிறது, மலேரியாவுக்கு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. போகும் ஊருக்கு எது தேவை என்று புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்னாலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும். டிங்கி வராமலிருக்கக் கொசு கடிக்காமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி யார் எடுக்கிறார்கள், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், இவை தெரியாமல் விமானம் ஏறக் கூடாது.

ஐந்து: பணம். இதைக் கேட்க உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். வெட்கப்படாதீர்கள். மகள் அனுப்பும் பாதிச் சம்பளம் நின்றால் வீட்டு அடுப்பு எரியுமா? கடன் தவணை, தம்பி தங்கை படிப்பு என்ன ஆகும்? ஒரு வருஷம் பொறுத்துச் சேமித்துவிட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னால் அது பின்வாங்குவது ஆகாது. திரும்பி வந்து வேலை தேடும் வரைக்கும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பதில் சரியாக இருந்தால், கடைசியாக ஒரு சோதனை. அதை உங்கள் வீட்டிலேயே வைக்கலாம். இந்தப் பள்ளி விடுமுறைக்கு அவள் வரட்டும். விடியுமுன் எழுந்து வீட்டு வேலை செய்யட்டும். உங்கள் தோட்டத்தில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இல்லாமலா போய்விடுவார்? அவருக்கு ஒரு வாரம் கஞ்சி கொடுத்து, துணி அலசிப் போடட்டும். நன்றி சொல்லாத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்! மாலையில் கெமர் மொழியில் பத்து வார்த்தை மனப்பாடம் செய்யட்டும். எட்டாம் நாளும் முகம் வாடாமல் எழுந்தால், கம்போடியாவிலும் எழுவாள். வாடிவிட்டாலும் குற்றமில்லை. தன்னைத் தெரிந்துகொண்டாள், அதுவும் லாபம்தான்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனீர்களே அண்ணே, அது கோபம் என்று மகள் நினைத்துக்கொண்டிருப்பாள். பயம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேலே எழுதிய ஐந்து கேள்விகளையும் நீங்களே கேளுங்கள். தாய் கேட்டால் அழுகையாகிவிடும். தகப்பன் கேட்டால் பிள்ளை யோசிக்கும்.

போகிறாள் என்று முடிவானால், வாரம் ஒரு நாள் கைபேசியில் முகம் பார்த்துப் பேச நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் தபாலுக்குக் காத்திருந்த அந்தப் பையனுக்குக் கிடைக்காத பாக்கியம் அது. போகவில்லை என்று முடிவானாலும் எனக்கு எழுதுங்கள் சகோதரி. உங்கள் தோட்டத்திலேயே அவளுக்காக யாரோ ஒருவர் கஞ்சிக்குக் காத்திருக்கக்கூடும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.